பொண்டாட்டின்னு எழுதிக்குங்க

மரவள்ளிக் கிழங்கு பிடுங்க மண் கொஞ்சம் நனைந்திருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் செடியின் தூரைப் பிடித்து இழுத்தால் கிழங்கு பாதியில் முறிந்து மீதி உள்ளேயே நின்றுவிடும். முந்தின நாள் தூறல் போட்டிருந்ததால், சின்னசேலத்துக்கு மேற்கே இருந்த அந்தக் காட்டில் அன்றைக்கு வேலை சுளுவாக நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் குச்சியை வெட்டிச் சாய்த்துக்கொண்டு முன்னால் போனார்கள். பெண்கள் பின்னாலேயே தூரை அசைத்து இழுத்து, கிழங்கை ஒடித்து, மண்ணைத் தட்டிக் குவித்துக்கொண்டு வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் லாரி ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போய்விட வேண்டும்.

கொளஞ்சியம்மாளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சரியாக எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன் பொன்னுரங்கம் போலந்து தேசத்தில் வெல்டிங் வேலை பார்த்தான். மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கும்போது நீ எதற்குக் காட்டு வேலைக்கு வருகிறாய் என்று கேட்பவர்களிடம், "வூட்ல குந்திக்கினு செவுத்தயா பாத்துக்கினு இருக்கச் சொல்றீங்க?" என்பாள்.

வேப்பமரத்தடியில் தூக்குப்போசி வைத்திருந்த பைக்குள் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. தண்ணீர் குடிக்கப் போன சாலம்மாள்தான் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வெளிநாட்டு நம்பரு மாதிரி இருக்குதுக்கா. ஆனா ஒம் மவன் படம் வரல."

கொளஞ்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பேசியது அம்மாசி. அதே தெருப் பையன். பொன்னுரங்கத்தோடு ஒரே இடத்தில் வேலை செய்கிறவன்.

"பெரிம்மா, பக்கத்துல யாரு இருக்கறாங்க?"

"சாலம்மா இருக்குறா. இன்னாடா, கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

"அவங்ககிட்ட குடேன்."

"எங்கிட்டயே சொல்லு."

அம்மாசி மூக்கை உறிஞ்சினான்.

"ரங்கன் சாரத்துலேர்ந்து உழுந்துட்டான் பெரிம்மா. தலையில அடி. ஆபரேசன் பண்ணிட்டாங்க. மிசினு வச்சிருக்கறாங்க. இன்னும் கண்ணு தொறக்கல."

"கண்ணு தொறக்கல" என்று கொளஞ்சியம்மாள் திருப்பிச் சொன்னாள். அவன் சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்த்துக்கொள்வதுபோல் இருந்தது அது.

"நீ அயாத பெரிம்மா. பெரிய ஆஸ்பத்திரிதான். பாத்துக்குவாங்க."

அவள் அழவில்லை. போனைச் சாலம்மாளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். அடுத்த தூரைப் பிடித்து அசைத்து இழுத்தாள். கிழங்கை ஒடித்து மண்ணைத் தட்டினாள். அடுத்த தூருக்குப் போனாள். சாலம்மாள் போனில் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒவ்வொருத்தராக வேலையை நிறுத்தினார்கள். கொளஞ்சியம்மாள் மட்டும் தன் வரிசையில் யாரையும் பார்க்காமல் பிடுங்கிக்கொண்டே போனாள். வரப்பு வந்ததும் அதற்கு மேல் செடி இல்லை. அங்கே நின்று, இனி என்ன செய்வது என்று தெரியாதவள்போல் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.

சாலம்மாள்தான் தோளைப் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள்.

கொளஞ்சியம்மாள் வாசல்படி ஏறும்போது மறுபடி போன் வந்தது. இந்த முறை மெட்ராசிலிருந்து. பொன்னுரங்கத்தை வேலைக்கு எடுத்த கம்பெனியின் ஆள். மரியாதையாகப் பேசினார். குடும்பத்தில் ஒருத்தர் வந்து பார்க்க ஏற்பாடு செய்கிறோம், டிக்கெட்டைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், பாஸ்போர்ட்டும் விசாவும் நீங்கள் எடுக்க வேண்டும், வேண்டிய கடிதம் தருகிறோம் என்றார்.

"அவருக்கு யார் யாரும்மா இருக்காங்க?"

"நான் இருக்கறன்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆவல."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. மூன்று வருஷமாக ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாக்குக்குப் பழகிப்போன சொல், தானாக வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவர் அதை எழுதிக்கொள்கிற மாதிரிச் சற்று நிறுத்தி, "சரிம்மா, அப்ப உங்க பேரையே குடுத்துடறோம்" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பொன்னுரங்கம் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். புளியும் கடுக்காயும் ஏற்றிவரக் கல்வராயன்மலைக்குப் போய்வந்தவன், கரியாலூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டான். தங்கமணி என்று பேர். மலையாளி என்று சொல்லப்படும் மலைவாழ் சனம். அம்மாவிடம் வந்து சொன்னபோது கொளஞ்சியம்மாள் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். மத்தை நிறுத்தாமலேயே, "மலக்காரி இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றாள். அவன் மலைக்கோயிலில் அவர்கள் முறைப்படித் தாலி கட்டினான். இவள் போகவில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் கார்டைக் கேட்டான். கொடுக்கவில்லை. குழந்தை பிறந்தது என்று சொல்லியனுப்பினான். பதில் இல்லை. பிறகு அவன் கடல் கடந்து போனான். அங்கிருந்து வாரம் தவறாமல் பேசினான். அந்தப் பேச்சில் தங்கமணியின் பேரை எடுக்கக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே தங்கமணி வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. கூட அவளுடைய அப்பா சடையன். ஒல்லியான மனிதர், தோளில் கம்பளி. வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றார்கள்.

கொளஞ்சியம்மாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்ணை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாநிறம். அழுது வீங்கிய முகம். குழந்தை இவளையே பார்த்தது.

"அத்த, அம்மாசி அண்ணன் சொல்லிச்சி" என்றாள் தங்கமணி. "எங்கிட்ட பாஸ்போட்டு இருக்குது. அவருதான் போன தபா வந்தப்ப எடுத்துக் குடுத்துட்டுப் போனாரு. நான் போறன் அத்த."

"கம்பேனிக்காரங்க என்னத்தான் வரச் சொன்னாங்க."

"உங்களுக்குப் பாஸ்போட்டு எடுக்கணும். அதுக்கு நாளாவுமே."

"ஆவட்டும். நான் பெத்தவ. நான் போறன்."

தங்கமணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சடையன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்மந்தி, யாரு போனா இன்னா. சீக்கிரம் போவணும். அவ்வளவுதான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கொளஞ்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். குழந்தை மட்டும் தாயின் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அரங்கநாதன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். பட்டா, வருமானச் சான்று, பாஸ்போர்ட் என்று ஊருக்கெல்லாம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர். கொளஞ்சியம்மாளுக்கு அவசரப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, சேலத்துக்கு அவரே துணைக்கு வந்தார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளுக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. மகன் கண்ணைத் திறந்தால் முதலில் யாரைத் தேடுவான் என்று ஒரே நினைப்பு. என்னைத்தான், என்னைத்தான் என்று சக்கரத்தின் சத்தத்தோடு சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாஸ்போர்ட் ஆபீஸில் அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். ஆதாரில் கொளஞ்சி என்று இருந்தது. ரேஷன் கார்டில் குளஞ்சியம்மா. ஓட்டு அட்டையில் கொளஞ்சியம்மாள், ஆனால் புருஷன் பேருக்கு நேரே மாமனார் பேர். பிறந்த தேதி மூன்றிலும் மூன்று விதம்.

"இதுல எது நீங்கம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் நான்தாங்க."

"தெரியுது. ஆனா ஒண்ணா இருக்கணும். திருத்திக்கிட்டு வாங்க, உடனே பண்ணித் தரேன்."

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அரங்கநாதன் இரண்டு டீ சொன்னார். இவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஆடை படர்ந்தது.

"திருத்த எவ்ளோ நாளு ஆவும்?"

"ஒவ்வொண்ணா திருத்தணும். ஒரு மாசம் பிடிக்கும். ஜாஸ்தியும் ஆவலாம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "ரங்கன் சம்சாரத்துக்குப் பாஸ்போர்ட் நான்தான் எழுதிப் போட்டேன். அது ரெடியா இருக்குது. விசா மட்டும் எடுத்தாப் போதும். நீங்க ஏன் பிடிவாதம் புடிக்கிறீங்க?"

"கம்பேனியில கல்யாணம் ஆவலன்னு சொல்லிட்டன்."

அரங்கநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. தான் செய்த காரியம் எவ்வளவு பெரிது என்பது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து வெள்ளிமலை பஸ் ஏறினாள். மார்கழிப் பனி. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னல் கண்ணாடி வெளுத்துப் போயிற்று. அருவி பார்க்கப் போகும் வாலிபப் பிள்ளைகள் பின்சீட்டில் பாட்டு வைத்துக் கும்மாளமிட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் கம்பியை இறுகப் பிடித்தாள். இந்தப் பாதையில்தானே பாரம் ஏற்றிக்கொண்டு அவன் இறங்கி வருவான் என்று தோன்றியது. மகன் தினம் பார்த்த இடத்தை அவள் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை.

கரியாலூரில் இறங்கி வழி கேட்டு நடந்தாள். களத்தில் தங்கமணி சாமைக் கதிரைக் கோலால் அடித்துக்கொண்டிருந்தாள். சடையன் வைக்கோலை உதறிப் போட்டார். புருஷன் உயிருக்குப் போராடும்போது இவளுக்குக் கதிரடிக்க மனசு வருகிறதே என்று ஒரு கணம் கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் மூண்டது. அடுத்த கணம், கிழங்குக் காட்டில் தான் வரிசை முடியும்வரை பிடுங்கியது நினைவுக்கு வந்தது. பேசாமல் களத்து ஓரத்தில் நின்றாள்.

அவளைக் கண்டதும் தங்கமணியின் கையிலிருந்து கோல் நழுவியது.

"அவருக்கு இன்னா ஆச்சு அத்த?"

"ஒண்ணும் ஆவல. அப்படியேதான் இருக்கறான். நான் சொம்மாதான் வந்தன்."

தங்கமணி அப்படியே சாமைத் தாளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சடையன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொளஞ்சியம்மாள் வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"எனக்குப் பாஸ்போட்டு வராது. நீதான் போவணும். ஆனா நான் கம்பேனியில ஒரு பொய் சொல்லிட்டன்."

"தெரியும் அத்த. அம்மாசி அண்ணன் சொல்லிச்சி. அங்க ஆஸ்பத்திரியிலயும் கல்யாணம் ஆவலன்னுதான் எழுதியிருக்குதாம்."

"தெரிஞ்சுமா வாசல்ல நின்னுக்கினு ஒண்ணும் கேக்காத போன?"

"கேட்டா இன்னா ஆவும்? நீங்க மாத்திச் சொன்னாத்தான ஆவும்."

காற்றில் சாமை உமி பறந்து கொளஞ்சியம்மாளின் முகத்தில் ஒட்டியது. துடைத்துக்கொண்டாள்.

"மாத்திச் சொல்றன். எங்க வேணா வந்து சொல்றன்."

சடையன், "மொதல்ல சாப்புடுங்க" என்றார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சூடாக இருந்தது. ஒரு வாய் வைத்தாள். பொன்னுரங்கம் இந்த வீட்டில், இந்த மாதிரித் தட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பான். குழந்தை தத்தித் தத்தி வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் நெற்றியைப் பார்த்தவள் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டாள்.

மெட்ராசில் விசா விண்ணப்பம் வாங்கும் இடம் ஒரு பெரிய கட்டடத்தின் மாடியில் இருந்தது. அரங்கநாதன் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்திருந்தார். பாஸ்போர்ட், போட்டோ, ஆஸ்பத்திரிக் கடிதம், இன்சூரன்ஸ், பேங்க் காகிதம், குழந்தையின் பிறப்புச் சான்று. நேரம் வாங்கிய ஆள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார் காவல்காரர். தங்கமணி போனாள். கொளஞ்சியம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அதைத் தூக்கியது அதுதான் முதல் முறை. அவளுக்குப் பயமாக இருந்தது. குழந்தைக்கு ஒரு பயமும் இல்லை. தாலிக் கயிறில்லாத அவள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் காவல்காரர் வந்து கூப்பிட்டார்.

"உள்ள கூப்பிடறாங்க. நீங்கதான மாமியாரு?"

அந்தக் கேள்விக்கு அவள் வாழ்நாளில் பதில் சொன்னதில்லை. தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே குளிராக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப்புறம் இளம் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முன்னால் தங்கமணி கை கட்டி நின்றாள்.

"கம்பெனி லெட்டர்ல கல்யாணம் ஆகாதவர்னு போட்டிருக்கும்மா. இவங்க ஒய்ஃப்னு அப்ளை பண்றாங்க. மேரேஜ் சர்டிபிகேட்டும் இல்ல. இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"மருமவ."

"அப்ப லெட்டர்ல எப்படி இப்படி வந்தது?"

"நான்தான் சொன்னன். அது பொய்யிங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு இந்தப் பொண்ணு வேணாம்னு இருந்துச்சு. ஊருல அப்படித்தான் சொல்லிக்கினு திரிஞ்சன். அங்கயும் அதே வாயில வந்துடுச்சு."

"கல்யாணத்துக்கு நீங்க போயிருந்தீங்களா?"

"போவல."

"பின்ன எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

கொளஞ்சியம்மாள் இடுப்பிலிருந்த குழந்தையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

"இத பாருங்க. எம் மவனுக்கு இந்த வயசுல இதே நெத்தி. நான் பெத்து வளத்தவ, எனக்குத் தெரியாதா? அவன் பொண்டாட்டி இவதான். பொண்டாட்டின்னு எழுதிக்குங்க. அந்த லெட்டர அடிச்சிப் போடுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. தங்கமணி வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க வாங்கி அனுப்பறவங்கதாம்மா" என்றாள் அந்தப் பெண், முன்பைவிட மெதுவாக. "முடிவு பண்றது தூதரகம். நீங்க இப்ப சொன்னத வக்கீல்கிட்ட எழுதிக் கையெழுத்து வச்சுக் கொண்டாங்க. கம்பெனியில திருத்தி லெட்டர் வாங்குங்க. அதோட சேத்து அனுப்பறேன்." பிறகு தங்கமணியிடம் கேட்டாள்: "திரும்பி வருவீங்கன்றதுக்கு அவங்க அத்தாட்சி கேப்பாங்க. இங்க உங்களுக்கு என்ன இருக்கு? நிலம், வீடு?"

"ஒண்ணும் இல்லைங்க. எம் பொண்ணு இங்கதான் இருக்கும். எங்க அத்தகிட்ட."

கொளஞ்சியம்மாள் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர் சலித்துக்கொண்டாலும் திருத்திக் கொடுத்தார். தங்கமணியின் விரல் ரேகையை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தங்கமணியும் குழந்தையும் கொளஞ்சியம்மாள் வீட்டிலேயே இருந்தார்கள். வா என்று இவள் கூப்பிடவுமில்லை, வரட்டுமா என்று அவள் கேட்கவுமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று பேரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். அவ்வளவுதான்.

அம்மாசி தினமும் பேசினான். அப்படியேதான் இருக்கிறான், காய்ச்சல் கொஞ்சம் வந்தது, இன்றைக்குக் கம்மி என்பான். அவன் பேசி முடித்த பிறகு இருவரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பில் சோறு குழைந்து அடிப்பிடித்து வாசனை வந்த பிறகுதான் யாராவது ஒருத்தர் எழுந்திருப்பார்கள்.

விசா வந்துவிட்டது. அரங்கநாதன் கடையிலிருந்து பாஸ்போர்ட்டைத் தானே கொண்டுவந்து, அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். கம்பெனி டிக்கெட் போட்டது. கொளஞ்சியம்மாள் மகனுடைய பழைய சட்டை இரண்டு, நார்த்தங்காய் ஊறுகாய், அங்கே குளிரும் என்று சடையன் தந்த கம்பளி எல்லாவற்றையும் பையில் வைத்துக் கட்டினாள். கண் முழித்ததும் ஊறுகாய் கேட்பான் என்றாள். தங்கமணி கேட்டுக்கொண்டாள்.

மெட்ராஸ் போவதற்குச் சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது அம்மாசி கூப்பிட்டான். தங்கமணிதான் எடுத்தாள். "ம்" என்றாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே மெல்லக் குனிந்து, கட்டிவைத்த பையின் மேல் உட்கார்ந்தாள்.

கொளஞ்சியம்மாள் போனை வாங்கவில்லை. வாங்கித் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. சேலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயிற்று. பூக்காரி கதம்பம் அளந்துகொண்டிருந்தாள். எல்லாம் நடந்துகொண்டே இருந்தது. அவளுக்குச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

செய்தி தெரிந்து அரங்கநாதன் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார். இருவரையும் கடைக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார். தங்கமணி பேசினாள். குரலில் கோபம் இல்லை. தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் என்று வழி சொல்வதுபோல் இருந்தது.

"அன்னிக்கு வாசல்லயே நீங்க சரின்னிருந்தா, உசுரோட பாத்திருப்பன் அத்த."

"ஆமா" என்றாள் கொளஞ்சியம்மாள்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அது கிழங்கு முறிந்த மாதிரிப் பாதியில் நின்றுபோகும் என்று தோன்றியது.

கம்பெனிக்காரர் கூப்பிட்டார். வருத்தம் சொன்னார். பாடியை நாங்களே அனுப்பிவைக்கிறோம், காகித வேலைக்குச் சில நாள் ஆகும், இனி யாரும் அலைய வேண்டாம், டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்றார். அரங்கநாதன் கேட்டுக்கொண்டே இவர்களைப் பார்த்தார். கொளஞ்சியம்மாள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"டிக்கெட்ட ரத்து பண்ணாதீங்க."

"அம்மா, இனிமே அங்க போய் என்ன பண்ணப் போறாங்க?"

"இட்டுக்கினு வருவா."

"அதை நாங்களே..."

"நீங்க அனுப்புவீங்க. பொட்டியில போட்டு, சாமானோட சாமானா. எம் மவன் ஒண்டியா போனான். ஒண்டியா வரக் கூடாது. அவன் பொண்டாட்டி போயிக் கூட இருந்து இட்டுக்கினு வருவா."

சொல்லிவிட்டுத் தங்கமணியைத் திரும்பிப் பார்த்தாள். போகிறாயா என்று கேட்கும் துணிச்சல் அப்போதுதான் வந்தது. "போறியா புள்ள?"

தங்கமணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

நோயாளியைப் பார்க்கக் கொடுத்த விசா அது. இப்போது செல்லுமா என்று அரங்கநாதனுக்குச் சந்தேகம். தூதரகத்துக்கு எழுதிக் கேட்டார். ஆஸ்பத்திரியின் இறப்புக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம், கேட்டால் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வழியனுப்ப வந்தவர்களை விடவில்லை. தங்கமணி குழந்தையை மாமியார் கையில் கொடுத்தாள். ஊறுகாய்ப் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"வேணாம், இருக்கட்டும். அம்மாசிகிட்ட குடு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

அந்தத் தேசத்தில் இறங்கியதும் அதிகாரி எதற்கு வந்தாய் என்று கேட்டானாம். அம்மாசி சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோய், தமிழிலேயே, "எங்க வூட்டுக்காரர இட்டுக்கினு போவ வந்தேன்" என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினாளாம். அவன் அதைப் படித்துவிட்டு, எழுந்து நின்று முத்திரை குத்திக் கொடுத்தானாம். போனில் அம்மாசி சொன்னான்.

அடுத்த நாள் பிற்பகலில் தங்கமணியே கூப்பிட்டாள். கொளஞ்சியம்மாள் வாசலில் வெயிலில் உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கையோடு போனை எடுத்தாள்.

"அத்த, பாத்துட்டன்."

"ம்."

"மொகத்துல ஒண்ணும் ஆவல. தலையிலதான் கட்டு. தூங்கற மாதிரிதான் இருக்குறாரு. படத்துல காட்டட்டுமா?"

கொளஞ்சியம்மாள் வெயிலைப் பார்த்தாள். கண் கூசியது. குழந்தை அவள் மடியில் வழுக்கிக்கொண்டு நெளிந்தது.

"வேணாம். நீ பாரு. நீ பாத்தா போதும்."

அந்தப் பக்கம் யாரோ புரியாத பாஷையில் ஏதோ சொன்னார்கள். கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"கையி ரொம்ப சில்லுனு இருக்குது அத்த."

"புடிச்சிக்க" என்றாள் கொளஞ்சியம்மாள். "நல்லா புடிச்சிக்க. அவங்க போவச் சொன்னாலும் வுடாத."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் குழந்தையின் எண்ணெய் பூசிய கையைப் பிடித்துக்கொண்டாள். அது சூடாக, வழுக்கலாக இருந்தது. அவன் விழுந்த சேதி வந்ததிலிருந்து அதுவரைக்கும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.